அண்டம் முடிவில்லாததுன்னு அப்பவே சொல்லிட்டாங்களாமே!

போன வாரம் எங்கள் கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு ஃபார்வர்டு வந்தது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வேறு வேறு படத்தோடு சுற்றி வருகிற சரக்குதான். அதன் சாரம் இது. அண்டம் எல்லையில்லாதது, விரிந்துகொண்டே போவது என்று ஹப்பிளுக்கு ஆயிரம் வருடம் முன்னாடியே மாணிக்கவாசகர் சொல்லிவிட்டார். அணுவைத் துளைக்கலாம் என்று ஔவையார் சொல்லிவிட்டார். குவார்க்கை விடச் சின்னதுக்கெல்லாம் நம் எண்சுவடியில் பேர் இருக்கிறது. ஆக, மேலே போனாலும் முடிவில்லை, கீழே போனாலும் முடிவில்லை, இதை முதலில் கண்டவன் தமிழன். பெருமையாக இருந்தால் பத்துப் பேருக்கு அனுப்பவும்.

அனுப்பினார்கள். கைத்தட்டல் பொம்மைகள் வரிசையாக வந்தன. நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "எந்தப் பாட்டு, எந்த அடி, யாராவது படிச்சுப் பாத்தீங்களா?" பதில்: "நீயெல்லாம் தமிழனாடா?"

இதோடு விட்டிருப்பேன். குண்டடத்தில் எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன், பன்னிரண்டாவது படிக்கிறான். அவனிடமும் இந்தச் செய்தி போயிருக்கிறது. சாயங்காலம் வந்து கேட்டான்: "ஏனுங்ணா, அப்ப யுனிவர்ஸ் நெசமாவே முடிவில்லாததுங்களா? ஸ்கூல்ல பேச்சுப் போட்டி இருக்குதுங்க. முடிவில்லாததுன்னு நம்ம ஆளுங்க சொல்லிட்டாங்கன்னு பேசினா போதும்னு சொல்றாங்க."

போதும் என்று சொல்கிறார்களாம். மனுசன் கேட்கக்கூடிய கேள்விகளிலேயே பெரிய கேள்வியைப் பதினேழு வயசுப் பையன் கேட்கிறான். அதற்குப் பதில் 'போதும்'. எனக்குக் கோபம் வந்தது இங்கேதான். நான் பி.காம். படிக்கிறவன், இயற்பியல் என் பாடம் இல்லை. ஆனால் கணக்கில் தப்பு இருந்தால் தப்பு என்று சொல்லத் தெரியும். ஃபார்வர்டில் இருக்கும் மூன்று கணக்கும் தப்பு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் கணக்கு, மாணிக்கவாசகர். அவர்கள் சொல்லும் இடம் திருவாசகத்தில் திருவண்டப்பகுதியின் ஆரம்பம். உரையோடு எந்த நூலகத்திலும் கிடைக்கும், எடுத்துப் படியுங்கள். அண்டப் பகுதிகளான உருண்டைகளைப் பற்றிச் சொல்கிறார். அவை ஒன்றை விட ஒன்று அழகாக, நூற்றொரு கோடிக்கும் மேலாக விரிந்து கிடக்கின்றன என்கிறார். 'விரிந்து' என்ற அந்த ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் ஹப்பிளை இழுக்கிறார்கள்.

"எங்க காடு அந்த வாய்க்கா வரைக்கும் விரிஞ்சு கெடக்குது" என்று எங்கள் ஊரில் ஒருவர் சொன்னால், காடு தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து வாய்க்காலை நோக்கிப் போகிறது என்றா அர்த்தம்? பரப்பைச் சொல்கிறார், அவ்வளவுதான். 1927இல் லெமேத்ரும் 1929இல் ஹப்பிளும் சொன்ன விரிவு வேறு. அதில் ஒரு கணக்கு இருக்கிறது: எவ்வளவு தூரத்தில் ஒரு விண்மீன் கூட்டம் இருக்கிறதோ, அந்த அளவுக்கு வேகமாக அது நம்மை விட்டு விலகுகிறது. இரண்டு மடங்கு தூரம் என்றால் இரண்டு மடங்கு வேகம். அளந்து பார்த்துத் தப்பா சரியா என்று சொல்லலாம். திருவண்டப்பகுதியில் அப்படி ஒரு கணக்கு இல்லை. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை, அது பக்திப் பாட்டு.

இதை விடப் பெரிய வேடிக்கை அடுத்த அடிகளில் இருக்கிறது. அந்த நூற்றொரு கோடி உருண்டைகளும் எப்படித் தெரிகின்றனவாம்? வீட்டுக்குள் நுழையும் வெயில் கீற்றில் மிதக்குமே தூசி, அது மாதிரி. இறைவன் அவ்வளவு பெரியவன், அண்டங்கள் எல்லாம் அவன் முன்னால் பொடித் தூசி. அதாவது முடிவில்லாமை என்ற பெருமையை மாணிக்கவாசகர் அண்டத்துக்குக் கொடுக்கவே இல்லை, சிவனுக்குக் கொடுக்கிறார். அண்டத்தை எண்ணி ஒரு தொகையும் சொல்லி, அது சின்னது என்று முடிக்கிறார். ஃபார்வர்டுக்காரர் பாட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு மாணிக்கவாசகருக்கே பெருமை சேர்ப்பதாக நினைக்கிறார். அந்த வெயில் கீற்றுத் தூசி எவ்வளவு அருமையான உவமை! அதைப் படிக்காமலேயே பெருமைப்படுகிறோம்.

இரண்டாவது கணக்கு, ஔவையார். திருவள்ளுவமாலையில் ஔவையார் பேரில் இருக்கும் அந்தக் குறள்வெண்பா திருக்குறளைப் புகழ்கிறது. ஒரு அணுவைத் துளைத்து அதற்குள் ஏழு கடலையும் ஊற்றின மாதிரி, ஒன்றே முக்கால் அடியில் இவ்வளவு பொருளா என்கிறது. நடக்கவே நடக்காத ஒன்றைச் சொல்வதில்தான் அந்தப் புகழ்ச்சியின் சுவையே இருக்கிறது. இதை அணுப்பிளவு விஞ்ஞானம் என்றால், ஏழு கடலை ஊற்றியதும் விஞ்ஞானமா? எந்த ஆய்வுக்கூடத்தில், எந்த மோட்டார் வைத்து? இடைக்காடர் பேரில் உள்ள இன்னொரு பாட்டு, துளைக்கிற பொருளை மட்டும் கடுகாக மாற்றிச் சொல்கிறது. அப்படியானால் அது கடுகுப்பிளவு விஞ்ஞானமா?

மூன்றாவது கணக்குத்தான் என்னைப் போன்ற காமர்ஸ்காரனுக்கு ரொம்பப் பிடித்தது. எண்சுவடியின் கீழ்வாய் இலக்கம். முந்திரி என்றால் 320இல் ஒரு பங்கு. அதையே மறுபடி 320 ஆகப் பிரித்தால் கீழ்முந்திரி, அதாவது 1,02,400இல் ஒரு பங்கு. அதை 21 ஆகப் பிரித்தால் இம்மி. 'இம்மியளவும் கிடையாது' என்கிறோமே, அதே இம்மி. அதற்கும் கீழே அணு, கதிர்முனை, நுண்மணல், தேர்த்துகள் என்றெல்லாம் பேர்கள் போகின்றன.

இந்தத் தேர்த்துகளை ஒரு மீட்டரால் பெருக்கி, குவார்க்கை விடச் சின்னது என்று சொல்கிறார்கள். யார் கொடுத்தது அந்த மீட்டர்? கீழ்வாய் இலக்கம் பின்னம். ஒரு குழி நிலத்தில் பங்கு, ஒரு மரக்கால் நெல்லில் பங்கு, ஒரு பொன்னில் பங்கு. பின்னத்துக்கு நீளம் கிடையாது. கால் என்பது எத்தனை அடி நீளம் என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? பாகம் பிரிக்கவும் வரி போடவும் வட்டி கணக்குப் பார்க்கவும் வந்த அருமையான கணக்கியல் கருவி அது. கணக்குப்பிள்ளையின் பெருமையைப் பிடுங்கி விஞ்ஞானிக்குக் கொடுப்பதில் அப்படி என்ன சந்தோஷமோ தெரியவில்லை.

இப்போது மூன்றையும் சேர்த்துப் பாருங்கள், ஒரு விஷயம் புரியும். எண்சுவடியில் அணு கடைசிப் பேர் இல்லை, அதையும் பிரித்துக் கீழே போகிறார்கள். திருவள்ளுவமாலையில் அணுவைத் துளைக்கிறார்கள். மணிமேகலைக்குப் போனால் கதையே வேறு. அங்கே சமயக்கணக்கர்கள் தத்தம் கொள்கையைச் சொல்லும் காதையில் ஆசீவகர் ஒருவர் வருகிறார். அணு உடையாது, பிளவுபடாது, புதிதாகப் பிறக்காது, ஒன்றுக்குள் ஒன்று புகாது என்பது அவர் கட்சி. தனி அணு ஏன் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதற்கு அவர் சொல்லும் உதாரணம் இன்னும் அழகு: அந்தி மங்கலில் ஒற்றை முடி தெரியாது, கற்றை முடி தெரியும்.

ஆக, பிரிக்க முடியும் என்று ஒரு பக்கம், முடியாது என்று ஒரு பக்கம். 'தமிழன் சொன்னான்' என்றால் எந்தத் தமிழன்? ஒரே சொல்லை மூன்று பேர் மூன்று வேலைக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அவர்களை ஒரே வாயாக்கி, அந்த வாயில் ஐரோப்பிய இயற்பியலைத் திணிப்பதற்குப் பேர் தமிழ்ப் பற்றா?

நிஜமாகவே பெருமைப்பட வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அது அந்தச் சண்டை. இந்தியாவில் இதைப் பற்றி நூற்றாண்டுக் கணக்காக அடித்துக்கொண்டார்கள். வைசேடிகர்கள் ஒரு வாதம் வைத்தார்கள்: பொருளை முடிவில்லாமல் பிரித்துக்கொண்டே போகலாம் என்றால் மேரு மலையிலும் முடிவில்லாத பாகங்கள், கடுகிலும் முடிவில்லாத பாகங்கள். இரண்டிலும் எண்ணிக்கை ஒன்றே என்றால் மலையும் கடுகும் ஒரே அளவாக வேண்டும். அப்படி இல்லை. ஆகவே பிரிப்பது எங்கோ நின்றாக வேண்டும், நிற்கும் இடம்தான் பரமாணு.

பௌத்தரான வசுபந்து விம்சதிகை நூலில் திருப்பி அடித்தார். உன் பரமாணுவைச் சுற்றி ஆறு திசையிலும் ஆறு பரமாணு ஒட்டினால் அதற்கு ஆறு பக்கம் இருக்கிறது. ஆறு பக்கம் இருந்தால் ஆறு பாகம் இருக்கிறது. பிறகு எப்படிப் பிரிக்க முடியாதது என்கிறாய்? இல்லை, ஆறும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன என்றால் எத்தனை அணு சேர்ந்தாலும் பருமன் வராதே!

இது வாதம். இதில் யாரும் 'நீ எங்க ஆளா' என்று கேட்கவில்லை. மலைக்கும் கடுகுக்குமான சிக்கலுக்குக் கணிதத்தில் தெளிவான பதில் 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் ஜெர்மனியில் கேன்டர் என்பவர் மூலம் வந்தது. ஒரு சென்டிமீட்டர் கோட்டில் உள்ள புள்ளிகளையும் ஒரு கிலோமீட்டர் கோட்டில் உள்ள புள்ளிகளையும் ஒன்றுக்கு ஒன்று ஜோடி சேர்த்துவிடலாம், ஒன்று கூட மிச்சம் வராது. ஆனால் நீளம் வேறு வேறுதான். அதாவது முடிவில்லாத எண்ணிக்கையை வைத்து அளவைச் சொல்ல முடியாது. வைசேடிகரின் வாதம் இங்கே தோற்கிறது. ஆனால் சரியான இடத்தில் கை வைத்துத் தோற்றிருக்கிறது. 'அப்பவே சொல்லிட்டாங்க' என்று கைத்தட்டுவதை விட இந்தத் தோல்வி ஆயிரம் மடங்கு மரியாதையானது.

சரி, அப்படியானால் கணிதத்தில் முடிவில்லாமல் பிரிக்கலாம் என்றால், நிஜத்திலும் பிரிக்கலாமா? இங்கே என் பாடத்துக்கு வருகிறேன்.

தேய்மானம் கணக்கிட இரண்டு முறை படித்திருப்பீர்கள், நேர்கோட்டு முறை, குறைந்துசெல் மதிப்பு முறை. 10 லட்ச ரூபாய்க்கு ஒரு நிட்டிங் மெஷின் வாங்குகிறோம். குறைந்துசெல் மதிப்பு முறையில் வருடம் 15 சதவீதம் கழிக்கிறோம். 10 வருடம் கழித்து ஏட்டில் சுமார் 1,96,874 ரூபாய் நிற்கும். 50 வருடம் கழித்து 300 ரூபாய்க்குக் கொஞ்சம் கம்மி. 100 வருடம் கழித்து ஏறக்குறைய 9 பைசா. 114ஆவது வருடத்தில் ஒரு பைசாவுக்கும் கீழே போகும். ஆனால் பூஜ்ஜியம்? ஆயிரம் வருடம் ஆனாலும் வராது. மிச்சத்தில் 85 சதவீதம் எப்போதும் மிச்சம் இருக்கும்.

ஏடு முடிவில்லாமல் சின்னதாகிக்கொண்டே போகிறது. மெஷின்? அது என்றோ பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது. ஒரு பைசாவுக்குக் கீழே நாணயமே கிடையாது. ஆக, கணக்கு முடிவில்லாமல் போவது கணக்கின் குணம். அதை வைத்து மெஷினைப் பற்றி முடிவு சொல்ல முடியாது. மெஷினைப் பற்றித் தெரிய மெஷினிடம்தான் போக வேண்டும்.

வெளியும் அப்படியே. காகிதத்தில் ஒரு கோட்டைப் பாதி, பாதியில் பாதி என்று வெட்டிக்கொண்டே போகலாம். வெளி அதற்குச் சம்மதிக்குமா என்று வெளியைத்தான் கேட்க வேண்டும். இதுவரை கேட்டதில் என்ன தெரிந்திருக்கிறது? எலக்ட்ரானுக்கு உள்ளே பாகம் இருக்கிறதா என்று தேடியிருக்கிறார்கள். தசமப் புள்ளிக்குப் பின் 17 பூஜ்ஜியம் போட்டு 1 எழுதினால் வரும் மீட்டர் அளவு வரைக்கும் எதுவும் தெரியவில்லை. இன்றைய கோட்பாடுகள் குழம்பிப் போகும் இடம் பிளாங்க் நீளம். அதற்கு 34 பூஜ்ஜியம் போட்டு 16 எழுத வேண்டும். நாம் எட்டிப் பார்த்த இடத்துக்கும் அந்த இடத்துக்கும் நடுவே 17 பூஜ்ஜியம் தூரம். அந்த இடைவெளியில் என்ன இருக்கிறது என்று நேரில் பார்த்தவர் யாரும் இல்லை.

மறைமுகமாக ஒரு முயற்சி நடந்தது. 2009 மே 10 அன்று ஒரு காமாக் கதிர் வெடிப்பை ஃபெர்மி விண்தொலைநோக்கி பதிவு செய்தது. 700 கோடி வருடத்துக்கு மேல் பயணம் செய்து வந்த ஒளி. வெளி பொடிப்பொடியான துகளால் ஆனது என்றால், அதிக ஆற்றல் கதிரும் குறைந்த ஆற்றல் கதிரும் வேறு வேறு வேகத்தில் வரலாம் என்று சில கோட்பாடுகள் சொல்கின்றன. இத்தனை கோடி வருடம் ஓடியும் அவை ஏறக்குறைய ஒரு வினாடிக்குள் வந்து சேர்ந்துவிட்டன. அதனால் அந்தக் கோட்பாடுகளில் எளிமையான சில அடிபட்டுப் போயின. வெளி முடிவில்லாமல் பிரியும் என்று நிரூபணமா? கிடையாது. ஒரு கதவு மூடியது, அவ்வளவுதான். இப்படிச் சொல்வதுதான் யோக்கியமான பேச்சு.

இனி மேலே போவோம். இங்கே ஃபார்வர்டுக்காரர்களோடு சேர்த்து அறிவியல் வீடியோக்காரர்களையும் திட்ட வேண்டியிருக்கிறது. "பிரபஞ்சம் எல்லையற்றது, விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது" என்று இவர்களும் தலைப்பு வைக்கிறார்கள். அளந்தவர்கள் சொன்னது வேறு. பிளாங்க் செயற்கைக்கோளின் 2018ஆம் வருட முடிவுகளை மற்ற அளவீடுகளோடு சேர்த்துப் பார்த்தால் வெளி தட்டையாக இருக்கிறது, வளைவு இருந்தாலும் ஆயிரத்தில் சில பங்குக்குள்தான். தட்டை என்றால் பெரிய முக்கோணம் போட்டாலும் மூன்று கோணமும் சேர்ந்து 180 பாகை வரும் என்று அர்த்தம். முடிவில்லாதது என்று அர்த்தம் இல்லை.

எப்படி என்று கேட்டால் திருப்பூர்க்காரனுக்குப் புரியவைப்பது சுலபம். நிட்டிங் மெஷினிலிருந்து பனியன் துணி எப்படி வருகிறது? குழாயாக வருகிறது. அதன் மேல் ஒரு எறும்பு குறுக்கே நடக்கட்டும். ஓரம் என்று ஒன்று வரவே வராது, நடந்துகொண்டே இருக்கலாம். ஆனால் சுற்றளவு டையாவுக்குத் தகுந்த மாதிரி சில அடிதான். அந்தத் துணியில் ஒரு முக்கோணம் வரைந்து குழாயை வெட்டி விரித்துப் போடுங்கள், கோணம் 180தான். துணி தட்டை. ஓரமும் இல்லை. ஆனாலும் அந்தப் பக்கத்தில் முடிவுள்ளது. எறும்புக்கு இது எப்படித் தெரியும்? சுற்றி வந்து தன் கால் தடத்தைத் தானே பார்த்தால் தெரியும். குழாய் ரொம்பப் பெரிசாக இருந்து, எறும்பின் கண் எட்டும் தூரம் கொஞ்சமாக இருந்தால் தெரியவே தெரியாது.

விண்ணியலாளர்கள் அந்தக் கால் தடத்தை நிஜமாகவே தேடினார்கள். வானம் முழுக்க வரும் நுண்ணலைப் பின்னணிக் கதிரில் ஒரே மாதிரியான வட்டங்கள் இரண்டு திசையில் தெரிகின்றனவா என்று பார்த்தார்கள். கிடைக்கவில்லை. ஆக, வெளி சுற்றி வந்து சேருவதாக இருந்தாலும் அந்தச் சுற்று அநேகமாக நாம் காணக்கூடிய பரப்பை விடப் பெரிசு. நாம் காணக்கூடியது எவ்வளவு? ஒவ்வொரு திசையிலும் சுமார் 4,600 கோடி ஒளியாண்டு. அதற்கு அப்பால் இருந்து ஒளி இன்னும் நம்மிடம் வரவில்லை. அப்பால் முடிவில்லாமல் போகிறதா, எங்கோ சுற்றி வருகிறதா, இரண்டுக்கும் இடம் இருக்கிறது.

'ரொம்ப ரொம்பப் பெரிசு' என்பதும் 'முடிவில்லாதது' என்பதும் ஒன்று என்று நினைப்பதுதான் எல்லாக் குழப்பத்துக்கும் வேர். அளவுகோல் எப்போதும் ஒரு எண்ணைத்தான் கொடுக்கும், கூடவே இவ்வளவு தப்பு இருக்கலாம் என்று இன்னொரு எண்ணையும் கொடுக்கும். 'முடிவிலி' என்று எந்த முள்ளும் காட்டாது. எனவே அண்டம் முடிவில்லாதது என்று யார் அடித்துச் சொன்னாலும், அவர் மேடையில் பேசும் புலவராகட்டும், வீடியோ போடும் விஞ்ஞானப் பிரியராகட்டும், தன்னிடம் இல்லாத சரக்கை விற்கிறார்.

இப்போது எனக்கு வயிற்றெரிச்சலான விஷயம். அண்டம் பற்றிய ஒரு பெரிய முடிவிலியை அளந்து பார்த்துச் சோதித்த இடம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. குண்டடத்திலிருந்து காலையில் பஸ் ஏறினால் மதியத்துக்குள் ஊட்டி போய்விடலாம். ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரை. அங்கே மலைச்சரிவில் 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலத்தில் ஒரு ரேடியோ தொலைநோக்கி படுத்துக் கிடக்கிறது. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் வடிவமைத்து 1970இல் கட்டி முடித்தது. அந்த இடத்தின் அட்சரேகை சுமார் 11 பாகை. அதே 11 பாகை சாய்வில் வடக்கு தெற்காக ஒரு சரிவைத் தேடிப் பிடித்து அதன் மேல் கட்டினார்கள். அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக நிற்கிறது. ஒரே அச்சில் திருப்பினாலே ஒரு பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் பின்தொடரலாம். கையில் காசு இல்லாத நாடு மலையையே தாங்கியாக்கிக்கொண்ட கதை இது.

அது என்ன செய்தது? 1948இல் ஹாய்ல், பாண்டி, கோல்டு ஆகியோர் நிலைத்த நிலைக் கோட்பாடு என்று ஒன்றைச் சொல்லியிருந்தார்கள். அண்டத்துக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை, எந்தக் காலத்திலும் ஒரே மாதிரிதான் இருக்கும் என்பது அது. இது வெளியின் முடிவிலி இல்லை, காலத்தின் முடிவிலி. அதனால் சோதிக்க வழி இருந்தது. தூரத்துப் பொருளைப் பார்ப்பது பழைய காலத்தைப் பார்ப்பது. எக்காலமும் ஒரே மாதிரி என்றால் தூரத்து ரேடியோ மூலங்களும் பக்கத்தில் உள்ளவையும் சராசரியில் ஒரே ஜாதியாக இருக்க வேண்டும்.

ஊட்டிக்காரர்கள் நிலாவைக் கத்தியாகப் பயன்படுத்தினார்கள். நிலா ஒரு ரேடியோ மூலத்தை மறைக்கும்போது சமிக்ஞை எப்படி அணைகிறது என்று பார்த்தால் அந்த மூலத்தின் கோண அளவைக் கண்டுபிடிக்கலாம். இப்படி நூற்றுக்கணக்கான மங்கலான மூலங்களை அளந்தார்கள். 1975இல் ஸ்வரூப்பும் விஜய் கபாஹியும் வெளியிட்ட முடிவுகளில், அண்டம் எப்போதும் ஒரே மாதிரி என்பதோடு அந்த அளவுகள் ஒத்துப்போகவில்லை. காலப்போக்கில் மாறும் அண்டத்தோடு, அதாவது பெருவெடிப்புக் கோட்பாட்டோடு ஒத்துப்போயின. 1965இல் பென்சியாஸும் வில்சனும் கண்ட நுண்ணலைப் பின்னணிக் கதிர் ஏற்கெனவே அந்தப் பக்கம் சாய்த்திருந்தது. ஊட்டி தனி வழியில் வந்து அதே பக்கம் நின்றது.

எதிர்க்கட்சியில் யார் தெரியுமா? ஹாய்லின் மாணவர் ஜெயந்த் நார்லிகர், நம் நாட்டுக்காரரேதான், 1972இலிருந்து அதே டாட்டா நிறுவனத்தில் வேலை பார்த்தவர். அவர் பெருவெடிப்பைக் கடைசி வரை ஏற்கவில்லை. 1993இல் ஹாய்ல், பர்பிட்ஜ் இருவரோடு சேர்ந்து கோட்பாட்டைத் திருத்தி மறுபடி கொண்டுவந்தார். ஸ்வரூப் 2020இல் காலமானார், நார்லிகர் 2025இல். ஒரே நிறுவனத்தில் இருந்துகொண்டு அண்டத்தின் வயசைப் பற்றியே எதிரெதிர்க் கட்சி. யாரும் யாரையும் 'நீ இந்தியனா' என்று கேட்கவில்லை. வசுபந்துவும் வைசேடிகரும் போட்ட சண்டையின் வாரிசு இதுதான், ஃபார்வர்டு இல்லை. நம் கிளாஸில் எத்தனை பேருக்கு முத்தோரை தெரியும்? ஊட்டி டூர் போனோமே, போட் ஹவுஸும் சாக்லேட் கடையும் பார்த்தோம்.

திட்ட வருகிறவர்களுக்காகச் சில வார்த்தை. "நம்ம முன்னோரைக் கேவலப்படுத்தறே" என்பீர்கள். நான் மணிமேகலையையும் திருவண்டப்பகுதியையும் எடுத்துப் படித்தேன், நீங்கள் படம் பார்த்தீர்கள். கேவலப்படுத்துவது யார்? "வெள்ளைக்காரன் சொன்னா மட்டும் நம்புவியா" என்பீர்கள். பெருவெடிப்பு பக்கம் சாட்சி சொன்னது முத்தோரை, நிலைத்த நிலையைக் கொண்டுவந்தது கேம்பிரிட்ஜ். "இது தெரிஞ்சு என்ன ஆகப் போகுது, பனியன் கம்பெனிக்குத்தானே போகப் போறோம்" என்றும் ஒருவர் சொன்னார். இருக்கட்டும். கம்பெனியில் சரக்கை எண்ணாமலே 'அப்பவே சொல்லிட்டாங்க, சரியாத்தான் இருக்கும்' என்று பில் போட்டால் எத்தனை நாள் வேலையில் வைப்பார்கள்?

முன்னோர் எல்லாமே சொல்லிவிட்டார்கள் என்றால் நமக்கு வேலை மிச்சம் இல்லை. அந்தப் பையனுக்கும் இல்லை. இதுதான் இந்த ஃபார்வர்டு செய்கிற நிஜமான கெடுதல். கேட்க வந்தவனைக் கேட்காமலே திருப்பி அனுப்புகிறது.

அவனிடம் நான் சொன்னது: "தெரியாது தம்பி. யாருக்குமே தெரியாது. எது வரைக்கும் அளந்திருக்காங்கன்னு வேணா சொல்றேன்." கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் பார்த்தான். அப்புறம் கேட்டான்: "அப்ப அந்தக் குழாய்த் துணி மாதிரி இருந்தா, அந்தத் தடத்தை எப்படிங்ணா கண்டுபிடிக்கறது?"

ராத்திரி எட்டரை வரைக்கும் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம். பேச்சுப் போட்டியில் அதையே பேசப் போகிறானாம். பரிசு கிடைக்காது என்று நினைக்கிறேன்.